ஊர் மெச்சிய இத்தா

ஆலங்குடாவில் ஒரு பெண்ணை ஊர் மெச்சுவது லேசில் நடக்காது. பிள்ளையைப் படிக்க வைத்தால் திமிர் என்பார்கள், படிக்க வைக்காவிட்டால் பொறுப்பில்லை என்பார்கள். அப்பேர்ப்பட்ட ஊர் சிபானாவை மெச்சியது. கணவன் இறந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு இறங்காமல் இருக்கிற இத்தாவை அவளைப் போல ஒருத்தி இருந்து கண்டதில்லையாம். வாய் திறப்பதில்லை, கண்ணாடி பார்ப்பதில்லை, எந்நேரமும் தொழுகைப் பாய்தான். வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் கூட்டமாக வந்து, அறைத் திரையை விலக்கி அவள் முதுகைப் பார்த்துவிட்டு, தேத்தண்ணி குடித்துப் போனார்கள். ஒருத்தி கல்யாணத்துக்கு நிற்கும் தன் மகளையும் கூட்டிவந்து காட்டினாள். பார்த்துப் படித்துக்கொள்ளட்டுமாம்.

இந்தப் பேச்சையெல்லாம் கருவாட்டு வாடியில் மீனுக்கு உப்புப் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள் ஜுனைதா. சிபானாவின் கூடப்பிறந்த மூத்தவள். நாற்பத்திரண்டு வயது, வாய் கொஞ்சம் நீளம். தங்கையை ஊரே புகழ்கிறது, அக்காவுக்குப் பெருமை வரவேண்டாமா? வரவில்லை. சந்தேகம்தான் வந்தது. சிபானா அமைதியாக இருந்து அவள் கண்டதே கிடையாது. மீன் தலை யாருக்கு என்று முப்பத்தொரு வயதிலும் மல்லுக்கு நிற்கிறவள் அவள்.

சிபானாவின் கணவன் இனாஸ் முந்தலில் ஒரு இறால் பண்ணையில் வேலை பார்த்தான். ஒரு நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழும்பவில்லை. அன்றைக்குச் சிபானா அழுத அழுகையில் தெருவே நின்றது. இரண்டு கிழமை, பதினாலு நாள், அப்படி அழுதாள். பிறகு ஒரு நாள் அழுகை நின்றது, பேச்சும் நின்றது. பொறுமை வந்துவிட்டது, அல்லாஹ் பொறுமையைக் கொடுத்துவிட்டான் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். ஜுனைதாவும் முதலில் அப்படித்தான் நினைத்தாள், அதை ஒளிப்பானேன்.

எழுபத்துநாலாம் நாள் பகல் அவள் சோற்றுப் பார்சலோடு போனபோது, சிபானாவின் ஆறு வயது மகள் கையில் சீப்போடு அறை வாசலில் நின்றாள். தலை சடைபிடித்துக் கிடந்தது. "உம்மாவக் கூப்பிட்டா திரும்புறாங்க இல்ல, பெரியும்மா" என்றாள் பிள்ளை. ஜுனைதா அங்கேயே உட்கார்ந்து சிக்கெடுத்து, பின்னிவிட்டு, பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு உள்ளே போனாள். சிபானா பாயில் இருந்தாள். உதடு அசையவில்லை. தஸ்பீஹ் மணி மடியில் சும்மா கிடந்தது.

"என்னடி ஓதுறாய்?"

"ஒண்டும் ஓதல்ல, ராத்தா."

"அப்ப என்னத்துக்குப் பாயில இரிக்கிறாய்?"

"பாயில இருந்தா ஆரும் வந்து கதை குடுக்க மாட்டாங்க."

ஜுனைதா பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏசவில்லை, அவள் வாழ்க்கையில் அதுவே பெரிய காரியம். ஒவ்வொன்றாகக் கேட்டாள். சிபானா கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். தொழுகையில் ஓதும் அல்ஹம்து சூரா பாதியில் நின்றுவிடுகிறது. மற்றப் பாதி எங்கே போனது என்று தெரியவில்லை. விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்கு நெடுநேரம் முன்னமே முழிப்பு வந்துவிடுகிறது, பிறகு கண் மூடுவதில்லை. சோறு இறங்குவதில்லை. பிள்ளை கூப்பிடுவது கேட்கிறது, ஆனால் பதில் சொல்லக் கிடைக்கிறதில்லை. அழவும் வரவில்லை.

"படுக்கக்குள்ள ஒவ்வொரு நாளும் நெனைக்கன், நாளைக்கு எழும்பாட்டி நல்லமெண்டு. புள்ளைய நீங்க பாப்பீங்க தானே?"

கடைக்குப் போனால் சீனி வாங்கி வா என்பதைப் போல அதைச் சொன்னாள்.  ஜுனைதா கேட்க வேண்டியதைக் கேட்டாள். அதைக் கேட்கப் பயப்படக் கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

"உசிர மாய்ச்சிக்கொள்ள ஏதும் யோசிச்சியா? மறைக்காமச் சொல்லு."

"இன்னம் இல்ல. யோசிச்சிருவனோ எண்டு பயமா இரிக்கி."

அந்தக் குரலை ஜுனைதா அறிவாள். ஒன்பது வருடங்களுக்கு முன், ஜுனைதாவின் இளைய மகன் பிறந்த பிறகு, அவள் வாயிலிருந்தே வந்த குரல் அது. குழந்தையைக் கையில் வாங்கவும் ஏலாமல், குளிக்கவும் ஏலாமல் கிடந்தவளைக் கணவன் ரிஃபாஸ் புத்தளம் ஆஸ்பத்திரியில் மனநல டொக்டரிடம் கொண்டுபோனான். பதினொரு மாதம் மருந்து குடித்தாள், எழும்பினாள். ஊருக்குச் சொன்னது நாரிப்பிடிப்பு, இடுப்பு வலி என்று. உம்மாவுக்கும் அதே கதைதான், தங்கைக்கும் அதே கதைதான். அந்த டொக்டரிடம் போகிறவர்களுக்கு ஊர் ஒரே ஒரு பெயர் வைத்திருக்கிறது, விசர்.

இனி நாள் பார்க்கிற வேலை கிடையாது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. நேரே குசினிக்குப் போனாள். அங்கே அடுப்படியில் பஸீஹா இருந்தாள். இனாஸின் மூத்த சகோதரி, அந்த வீட்டின் தலைவி. கெட்டவள் என்றால் நாலு ஏச்சு ஏசிவிட்டு வரலாம். அவள் கெட்டவள் அல்ல, அதுதான் தொல்லை. தம்பியைத் தூக்கி வளர்த்தவள், தம்பி மனைவிக்குத் தன் கட்டிலையே கொடுத்தவள்.

"மதினி, சிபானாவ நாளைக்கு டொக்டரிட்டக் கொண்டு போகணும்."

"இத்தாவில வெளிய இறங்குறதா? என்ன கதை கதைக்கிறாய் ஜுனைதா?"

"நோய்க்கு மருந்தெடுக்கப் போகலாம். வேணுமெண்டா மௌலவிக்கிட்ட கேளுங்க."

பஸீஹா அப்போதே போன் எடுத்துக் கேட்டாள். நோய் என்றால் தாராளமாகப் போகலாம், அதில் என்ன சந்தேகம் என்று மௌலவி சொன்னது ஜுனைதாவுக்கும் கேட்டது. பஸீஹா போனை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அவர் சொல்றது சரி. நோயெண்டா காய்ச்சல், சத்தி, நெஞ்சுக்குத்து. இவளுக்கு என்ன நோய்? புருசன் மௌத்தாகின கவலை. கவலைக்கு டொக்டரா?"

"எங்கட வாப்பா மௌத்தாகினப்ப நாங்க கவலைப்படல்லையா மதினி? மூணாம் நாள் தம்பி அஃப்ராஸ், வாப்பாட செருப்ப மாறிப் போட்டுக்கொண்டு நிண்டதப் பாத்து நானும் இவளும் சிரிச்ச சிரிப்பு உங்களுக்கு ஞாபகம் இரிக்குமே. சிரிச்சம், திரும்ப அழுதம். கவலை வரும், போகும், திரும்ப வரும். இவளுக்குப் போறதே இல்ல. ரெண்டு மாசமா நித்திரையில்ல, சாப்பாடில்ல, புள்ளையப் பாக்கிறாள் இல்ல, எழும்பாட்டி நல்லமெண்டு சொல்றாள். இது கவலையா?"

"இன்னம் அம்பத்தாறு நாள்தான். இத்தா முடியட்டும். அதுவரைக்கும் தண்ணி ஓதிக் குடுப்பம்."

"ஓதுங்க. நானும் ஓதுறன். கால் முறிஞ்சா ஓதிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறதில்லையா?"

"நோய் நோய் எண்டு சொல்றியே, உனக்கு எப்பிடித் தெரியும்? நீ டொக்டரா?"

 எப்படித் தெரியும் என்று ஜுனைதா சொன்னால் வாக்குவாதம் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் அவளுடைய மூத்த மகளைப் பஸீஹாவின் மகன் அஸ்ஹானுக்கென்று பேசி வைத்திருந்தார்கள். இத்தா முடிந்த கையோடு நாள் குறிப்பதாகவும் இருந்தது. உம்மாவுக்கு விசர் இருந்ததாம் என்று ஒரு சொல் விழுந்தால் மகளின் காரியம் என்னாவது? நீள வாய்க்காரி சொல்லை விழுங்கிக்கொண்டாள். "எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். வரும் வழியெல்லாம் தன்னைத்தானே ஏசிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலை ஆறரைக்கே தம்பி அஃப்ராஸின் முச்சக்கர வண்டி பஸீஹாவின் வாசலில் நின்றது. கூடப்பிறந்தவன் ஓட்டுகிறான், அந்நிய ஆணோடு போகிறாள் என்று சொல்ல ஆருக்கும் இடமில்லை. ஜுனைதா தங்கையின் முகத்தைக் கழுவி, அபாயாவை மாட்டினாள்.

"ஏலாது, ராத்தா. பிறகு போவம்."

"உன்னால ஏலாதெண்டு தெரியும். அதாலதானே நான் வந்த. ஏலுமெண்டா நீயே போவாய்."

பஸீஹா வாசற்படியில் குறுக்கே நின்றாள். கண் கலங்கியிருந்தது. "இவள் இண்டைக்கு இந்தப் படி இறங்கினா என்ட தம்பிக்கு இந்த ஊரில மரியாதை இல்ல" என்றாள்.

"உங்கட தம்பி நல்லவர், மதினி. அல்லாஹ் அவரப் பொருந்திக்கொள்ளட்டும். அவர் போயிட்டார். இவள் உசிரோட இரிக்காள். இந்த வீட்டில இன்னொரு மையத்து விழ நான் விட மாட்டன். வழிய விடுங்க."

பஸீஹா விடவில்லை. ஜுனைதா தங்கையை அணைத்தபடி பக்கவாட்டில் அவளை உரசிக்கொண்டு இறங்கினாள். வேலிக்கு அப்பால் இரண்டு வீட்டுத் திரைகள் விலகின. பார்த்தால் பார்க்கட்டும் என்று அவள் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பியே நடந்தாள்.

பாலாவி கடந்து புத்தளம் போய்ச் சேர ஒன்றரை மணித்தியாலம். ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தது இன்னும் இரண்டு மணித்தியாலம். டொக்டர் இளம் சிங்களப் பெண், தமிழ் தட்டுத்தடுமாறி வந்தது, ஆனால் அவசரப்படவில்லை. நித்திரை, பசி, பழைய ஞாபகங்கள், பிள்ளை, சாக வேண்டும் என்ற எண்ணம், எல்லாம் கேட்டார். இடையில் பதில் சொல்லப் போன ஜுனைதாவைக் கையைக் காட்டி நிறுத்தினார். சிபானா மெல்ல மெல்லச் சொன்னாள். கடைசியில் டொக்டர் பேனையை எடுத்தார்.

"குடும்பத்தில வேற யாருக்கும் இந்த நோய் இருந்ததா?"

"இல்ல" என்றாள் சிபானா.

ஜுனைதா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள். பொய் சொல்லலாம். இத்தனை வருடம் சொன்னதுதானே. ஆனால் இந்தப் பதிலை வைத்துத்தான் மருந்து எழுதுவார்கள்.

"இரிந்தது, மிஸ். எனக்கு. புள்ள பெத்த பிறகு. பதினொரு மாசம் இங்கதான் குளிசை எடுத்த."

டொக்டர் தலை நிமிராமல் அதை எழுதிக்கொண்டார். எந்த மருந்து சுகம் தந்தது என்று கேட்டார், அதையும் எழுதினார். ஒன்பது வருடம் காத்த இரகசியம் கிளினிக் கொப்பியில் ஒரு வரிக்குள் முடிந்துபோனது. சிபானா மட்டும் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு மாதத்தில் அவள் ஒரு மனிதரை முழுதாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

இது மனச்சோர்வு, நோய்தான், சுகமாகும் என்றார் டொக்டர். குளிசை வேலை செய்ய இரண்டு மூன்று கிழமை எடுக்கும், அதற்குள் நிறுத்தக் கூடாது. இவரைத் தனியே விடக் கூடாது. சாகிற எண்ணம் கிட்ட வந்தால் கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் எந்த நேரமென்றாலும் உடனே கொண்டுவர வேண்டும். ஜுனைதா ஒவ்வொன்றையும் வாய்க்குள் திருப்பிச் சொல்லி மனதில் போட்டுக்கொண்டாள்.

திரும்பும் வழியில் வண்டி நுரைச்சோலையைத் தாண்டியது. பிறகு சிபானா கேட்டாள்:

"ஏன் எனக்குச் சொல்லல்ல, ராத்தா?"

"எத?"

"உங்களுக்கு வந்தத. எனக்கு நாரிப்பிடிப்பெண்டு தானே சொன்னீங்க. நான் உங்களுக்கு எண்ணெய் தேச்சி விட்டேனே." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஓத வராம நிண்டப்ப, என்ட ஈமான் போயிட்டெண்டு நெனச்ச. அல்லாஹ் என்னைக் கை விட்டுட்டான் எண்டு நெனச்ச. அந்த ஆக்கள் வந்து மெச்ச மெச்ச, நான் எல்லாரையும் ஏமாத்துற முனாஃபிக் எண்டு நெனச்ச. இது நோயெண்டு நீங்க அண்டைக்குச் சொல்லி இரிந்தா, எனக்குத் தெரிஞ்சிரிக்கும்."

 ஊரைக் குறை சொல்லலாம், பஸீஹாவைக் குறை சொல்லலாம். தங்கை இரண்டு மாதம் அந்தப் பாயில் தனியே கிடந்ததற்கு ஜுனைதா மூடி வைத்திருந்த வாயும் ஒரு காரணம். அவள் அழுதாள். சிபானா அழவில்லை, ஆனால் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. இத்தாவில் இருந்தவள் படி இறங்கிவிட்டாள் என்ற செய்தி பகலுக்குள் எங்கும் போயிருந்தது. வெள்ளிக்கிழமை வருகிற பெண்கள் செவ்வாய்க்கிழமையே வந்திருந்தார்கள். நடுவில் பஸீஹா வெளிறிப்போய் இருந்தாள். ஜுனைதா தங்கையை அறைக்குள் கொண்டுபோய்ப் படுக்க வைத்து, குளிசையைக் கொடுத்து, பிள்ளையை அவளருகே இருத்தினாள். பிறகு வெளியே வந்தாள்.

"எங்க போயிட்டு வாறீங்க?" என்று ஒருத்தி கேட்டாள், தெரியாதவள் மாதிரி.

"ஜுனைதா, நீ உள்ளுக்கு வா" என்றாள் பஸீஹா. அவள் கண்ணில் அஸ்ஹானும் இருந்தான், குறிக்கப்போகிற நாளும் இருந்தது. ஜுனைதா அதை நன்றாகப் பார்த்தாள். வீட்டில் அவளுடைய மகள் அந்த நாளுக்காகச் சட்டைக்குப் பூவேலை செய்துகொண்டிருப்பதும் ஞாபகம் வந்தது.  இந்த நோய் நாளைக்கு அந்த மகளுக்கே வந்தால், அவளும் யாரிடமும் கேட்கத் தெரியாமல்தான் கிடப்பாள்.

ஒரு கதிரையை இழுத்துப் பெண்களுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"புத்தளத்துக்கு, மனநல டொக்டரிட்ட" என்றாள். "நீங்க விசர் டொக்டர் எண்டு சொல்ற அதே ஆள்தான். சிபானா தொழுகைப் பாயில இரிந்தது தொழுது ஓதி அமல் செய்ய இல்ல, எழும்ப ஏலாம. அவள் இண்டைக்குத்தான் போன. நான் ஒம்பது வருசத்துக்கு முந்தியே போன. பதினொரு மாசம் குளிசை குடிச்சிட்டுத்தான் உங்களோட கருவாட்டு வாடியில நிண்டு உப்புப் போடுறன். எப்பிடித் தொடங்கின, என்னென்ன செஞ்ச, எல்லாம் சொல்றன். பிடிக்காதவங்க எழும்பிப் போகலாம், நான் தடுக்க மாட்டன்."

பஸீஹா தலையைக் குனிந்துகொண்டாள். ஜுனைதா முதல் நாளிலிருந்து சொல்லத் தொடங்கினாள். ஒருத்தியும் எழும்பிப் போகவில்லை.