வட்டத்துக்குள் இரண்டு கோடு

கிட்டே வாருங்கள், என் கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இந்தக் கதையை உரக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. காபிக் கோப்பையைத் தூக்கி அதன் அடியில் பார்த்ததால் ஐம்பத்திரண்டு வருஷம் தலைகீழாகிப் போன ஒருத்தியைப் பற்றிச் சொல்லப் போகிறேன். பயப்படாதீர்கள், பேய் பிசாசு ஒன்றும் வராது. ஓர் அக்காவும் தங்கையும்தான் வருவார்கள்.

அக்காவுக்கு எழுபத்தாறு வயது, தங்கைக்கு எழுபத்தொன்று. ரயில்வே சலவைக்கூடத்தில் விரிப்பு மடித்தே இருவருக்கும் முடி நரைத்தது. ரயிலில் படுத்துப் போகிறவர்களுக்கு வெள்ளை விரிப்பு கொடுப்பார்களே, அதை ஒருத்தி தனியாக மடிக்க முடியாது. இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி நின்று உதறி, இழுத்து, எதிரெதிரே நடந்து வந்து கையோடு கை சேர்க்க வேண்டும். அதனால் அங்கே ஆள் எடுப்பதும் ஜோடியாகத்தான், அனுப்புவதும் ஜோடியாகத்தான். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு குறி உண்டு. கட்டின் மேல் விரிப்பில் அதைச் சிவப்பு நூலால் தைத்துவிட்டால், கறையோ கிழிசலோ இருந்தால் யாரைத் திட்டுவதென்று மேஸ்திரிக்குத் தெரியும். இவர்களுடைய குறி ஒரு வட்டம், அதற்குள் குறுக்காக இரண்டு கோடு. "ஒரு வயித்துல ரெண்டு பேர்" என்று சொல்லி அக்கா உண்டாக்கிய குறி அது. அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தாய் தகப்பன் போன பிறகு, தங்கை பள்ளிக்கூடம் போகட்டும் என்று அவள் முதலில் வேறொருத்தியோடு ஜோடி சேர்ந்து வேலைக்குப் போனாள்; படிப்பு முடிந்ததும் தங்கையே அவளுக்கு ஜோடியானாள். எங்கே கையெழுத்துக் கேட்டாலும் அந்த வட்டத்தைத்தான் போடுவாள்.

தங்கை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாடகை வீட்டில் தனியாக இருந்தாள். அக்காவின் கணவர் காலமாகி, மகனும் வேறு ஊர் போன பிறகு, "ஆளுக்கொரு அடுப்பு எதுக்குடி, வந்துடு" என்று அக்கா இரண்டு வருஷமாக நச்சரித்துக் கடைசியில் சம்மதிக்க வைத்தாள். பின்னறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. தங்கை வீட்டைக் காலி செய்கிறேன் என்று சொல்லிவிட்டாள். மறுநாள் காலையில் சாமான் வண்டி வர வேண்டும். அதற்கு முந்தின நாள் மத்தியானம்தான், "மூட்டை கட்டிக் கட்டி இடுப்பு போச்சு, எங்கயாவது வெளியே போய் உட்காரலாம் வா" என்று இருவரும் பழைய ரயில்வே தெருவுக்குப் போனார்கள்.

அந்தத் தெரு இப்போது அடையாளமே தெரியவில்லை. சரக்குக் கிடங்கு, விளக்கு அறை, காவலர் குடியிருப்பு எல்லாவற்றின் செங்கல்லையும் தேய்த்துக் கழுவி, வரிசையாகக் காபிக்கடை ஆக்கியிருந்தார்கள். தண்டவாளத்தைப் பெயர்க்காமல் நடுவில் பூச்செடி வைத்திருந்தார்கள். எடை போடும் மேடையில் நாலு இளசுகள் கேக் தின்றுகொண்டிருந்தன.

"அந்தக் கண்ணாடிக் கதவு போட்ட கடையைப் பாருடி" என்றாள் அக்கா. "அது என்ன இடம்னு ஞாபகம் இருக்கா?"

"கூலிக்காரங்க கக்கூஸ்."

"நாம மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுவோம். இப்போ உட்கார இடம் கிடைக்காம வரிசையில நிக்கிறாங்க."

"நீ வேணும்னா போய் நில்லு. உனக்குப் பழக்கமான இடம்தானே."

"வாயைப் பாரு. நாளையிலிருந்து என் வீட்டுச் சோறு, ஞாபகம் வச்சுக்கோ."

இப்படிச் சிரித்துக்கொண்டே வந்தவர்கள் தெருவின் நடுவில் நின்றுவிட்டார்கள். ஒரு கடையின் பலகையில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு வட்டம் ஒன்று இருந்தது. அதற்குள் குறுக்காக இரண்டு கோடு.

"அக்கா" என்றாள் தங்கை. "நம்ம குறி."

வெளியே உட்கார்ந்திருந்தவர்களின் கோப்பைகளிலும் அதே குறி இருந்தது. தங்கைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. முப்பத்து மூன்று வருஷம் விரல் நுனியில் தைத்த குறி ஊரார் கையில் இருந்தால் யாருக்குத்தான் பெருமையாக இருக்காது? அக்காவும் முதலில் வாயெல்லாம் பல்லாகத்தான் நின்றாள். பிறகு வாசல் நிலையைப் பார்த்தாள். அதற்குப் பக்கத்தில் கம்பி போட்ட சின்ன ஜன்னலைப் பார்த்தாள். அவள் முகம் சுண்டிப் போனது.

"வேற கடைக்குப் போவோம். இங்க கூட்டமா இருக்கு."

"எங்க கூட்டம்? ரெண்டு மேஜை காலியா இருக்கே." தங்கையும் அப்போதுதான் அந்த ஜன்னலைக் கவனித்தாள். "அடடா, இது அந்த ஆபீஸ்தானே? நீ எனக்காக ஏழு நாள் நடந்தியே."

அந்த ஏழு நாள் கதையை நான் இங்கே சொல்லியாக வேண்டும். தங்கைக்குப் பத்தொன்பது வயதில், தூரத்து நகரத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்கு உத்தரவு வந்தது. பத்து நாளுக்குள் அசல் சான்றிதழ்களோடு போய்ச் சேர வேண்டும். உத்தரவு, சான்றிதழ், துணிமணி எல்லாவற்றையும் ஒரு நீலத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்துக் கயிற்றில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தாள். வழியனுப்ப அக்காவும் வந்தாள். காத்திருக்கும் அறையில் பெட்டியை வைத்துவிட்டுத் தங்கை டிக்கெட் வாங்கப் போனாள். அவளுக்குத் தண்ணீர் பிடித்து வர அக்கா குழாயடிக்குப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் பெட்டி இல்லை. ரயில் போய்விட்டது. தங்கை அழுது அழுது காய்ச்சலில் விழுந்தாள். "நீ படு, நான் போய்க் கேட்டுட்டு வரேன்" என்று அந்தச் சாவியை வாங்கிக்கொண்டு, தொலைந்த பொருட்களை வைக்கும் அலுவலகத்துக்கு அக்கா ஏழு நாள் நடந்தாள். ஏழு நாளும் "வரலைடி" என்று வந்து சொன்னாள். பத்தாவது நாளும் போனது, வேலையும் போனது. தங்கை மறுபடியும் விரிப்பின் அடுத்த முனையைப் பிடித்தாள்.

அந்த ஏழு நாள் நடையைத் தங்கை மறக்கவே இல்லை. அதற்குப் பிறகு அக்காவோடு எத்தனை சண்டை வந்தாலும், "கால் வீங்க எனக்காக நடந்தவ" என்று நினைத்துக்கொண்டு தானே முதலில் போய்ப் பேசிவிடுவாள்.

தங்கை கையைப் பிடித்து இழுக்க, அக்கா உள்ளே வந்து உட்கார்ந்தாள். காபி கொண்டு வந்த பெண்ணிடம், "இது எங்க குறிம்மா" என்றாள் தங்கை. "நாங்க சலவைக்கூடத்துல ஜோடி. உங்களுக்கு எங்க கிடைச்சுது?"

அந்தப் பெண்ணுக்குக் கண் விரிந்தது. "நிஜமாவா? பரண்ல பழைய ரிஜிஸ்டர் ஒண்ணு இருந்துச்சும்மா. அதுல ஒரு பக்கத்துல யாரோ இதைப் போட்டிருந்தாங்க. எங்க முதலாளி அதைப் பார்த்து மயங்கிப் போய்க் கடைக்கே வச்சுட்டார். இதோ, உங்க கோப்பைக்கு அடியில இருக்கிற காகிதம்கூட அந்தப் பக்கத்தோட நகல்தான். இருங்க, அவரைக் கூட்டிட்டு வரேன்." அவள் துள்ளிக்கொண்டு ஓடினாள்.

தங்கை மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அக்காவுக்காக உரக்கப் படித்தாள்.

"'கறுப்புக் குடை ஒன்று, காம்பு உடைந்தது.' இதுக்கு ஒரு பதிவு. 'பல்செட் ஒன்று, மேல்வரிசை மட்டும்.'"

அக்கா சிரிக்கவில்லை.

"பல்லைக் கழட்டி வச்சுட்டு எவன் இறங்கிப் போனான்? மாமியார் வீட்டுக்குப் போயிருப்பான், எப்படியும் மெல்ல எதுவும் குடுக்க மாட்டாங்கன்னு. 'நீலத் தகரப் பெட்டி ஒன்று, இடப்பக்கம் நசுங்கியது, பூட்டியது, கைப்பிடியில் மஞ்சள் துணி சுற்றியது.' அக்கா, என் பெட்டிக்கும் மஞ்சள் துணிதான் சுத்தியிருந்தேன், கை உறுத்தாம இருக்க."

"போதும்டி. காபி ஆறுது." அக்கா தன் கோப்பையை நகர்த்தித் தங்கையின் காகிதத்தின் மேல், அந்த வரிக்கு மேலேயே வைத்தாள்.

எழுத்துத் தெரியாதவளுக்கு அந்த வரி எங்கே இருக்கிறதென்று எப்படித் தெரியும்? தங்கையின் விரல் நின்ற இடத்தைப் பார்த்துத்தான் வைத்தாள். தங்கை கோப்பையைப் பார்த்தாள், அக்காவின் கையைப் பார்த்தாள். கோப்பையைத் தூக்கி ஓரமாக வைத்தாள். காபி வளையத்துக்குள் இருந்ததைத் தாழ்ந்த குரலில் படித்தாள்.

"'மூன்றாம் நாள், பெண் ஒருவர் வந்தார். பெட்டி காட்டப்பட்டது. கையில் சாவி வைத்திருந்தார். பூட்டில் போட்டுப் பார்க்கச் சொன்னதற்கு மறுத்தார். தமது அல்ல என்றார். எழுதத் தெரியாததால் குறி இட்டார்.'"

அதற்குக் கீழே வட்டம். வட்டத்துக்குள் இரண்டு கோடு.

கண்ணுகளா, அந்த நேரத்தில் கடையில் பத்துப் பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். தங்கைக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தாள், குடையிலிருந்து, பல்செட்டிலிருந்து. இந்த முறை வேறு மாதிரி முடியும் என்பது போலப் படித்தாள். கடைசியில் அதே வட்டம்தான் இருந்தது. உலகத்தில் அந்தக் குறி இரண்டு பேருக்குத்தான் சொந்தம். ஒருத்தி காய்ச்சலில் படுத்திருந்தாள்.

"சாவி எங்க?" இதைத்தான் முதலில் கேட்டாள். ஏன் அதைக் கேட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"பாலத்துல இருந்து ஆத்துல போட்டுட்டேன்."

"மூணாம் நாளே பெட்டி வந்துடுச்சு."

"ம்."

"அப்புறம் நாலு நாள் எங்க நடந்தே?"

"ஸ்டேஷன் வரைக்கும் வருவேன். உட்கார்ந்திருப்பேன். திரும்பிப் போயிடுவேன்." அக்காவின் விரல்கள் மேஜை விளிம்பில் எதையோ மடித்துக்கொண்டிருந்தன. "ஜோடி உடைஞ்சா என்னையும் அனுப்பிடுவேன்னு மேஸ்திரி சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரர் அப்போ நோயில படுத்திருந்தார். மகன் வயித்துல."

"என்கிட்டச் சொல்லியிருந்தா நானே இருந்திருப்பேனே."

"இருந்திருப்பே" என்றாள் அக்கா. "ஆனா அது காரணம் இல்லைடி. இத்தனை வருஷமா எனக்கு நானே அப்படிச் சொல்லிக்கிட்டேன். அன்னிக்கு நீ டிக்கெட் வாங்கப் போனே பாரு, ஒரு தடவைகூட என்னைத் திரும்பிப் பார்க்கலை. ரெக்கை முளைச்ச மாதிரி போனே. அதைப் பார்த்ததும் என் வயிறு எரிஞ்சுது. அவ்வளவுதான்."

இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருக்கலாம் என்று தங்கைக்குத் தோன்றியது. பசி, பயம், யாராவது மிரட்டியது. ஒரு வாழ்க்கைக்கு ஈடாக ஒன்று. திரும்பிப் பார்க்கவில்லையாம்.

அதற்குள் கடைக்காரப் பெண் முதலாளியோடு வந்துவிட்டாள். அவர் கையில் போன் இருந்தது. "அம்மா, உங்களைப் பார்த்தது எங்க பாக்கியம். ரெண்டு பேரும் குறி தெரியற மாதிரி கோப்பையைத் தூக்கிப் பிடிங்க. ஜோடியா ஒரு படம்."

என்ன செய்வதென்று தெரியாமல் அக்கா கோப்பையைத் தூக்கிப் பிடித்தாள். தங்கை காகிதத்தை உருவி எடுத்தாள். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, முப்பத்து மூன்று வருஷப் பழக்கத்தில், பிசகாமல் நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். எழுந்து வெளியே நடந்தாள். பூச்செடிகளைத் தாண்டி, எடை மேடையைத் தாண்டி, தெரு முனைவரை. கோப்பையை இறக்காமல் அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். தங்கை திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் எட்டு மணிக்கு வண்டி வர வேண்டும். ஆறு மணிக்கே அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். எட்டு ஆனது, ஒன்பது ஆனது. தங்கைக்குப் போன் செய்யக் கையை நீட்டுவாள், மடக்கிக்கொள்வாள். பக்கத்து வீட்டுக்காரி, "தங்கச்சி இன்னும் வரலையா?" என்று கேட்டதற்கு, "எந்த முகத்தோட வரச் சொல்றது?" என்றாள். கேட்டவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பத்தரைக்குத் தெரு முனையில் வண்டி திரும்பியது. ஓட்டுநருக்குப் பக்கத்தில் தங்கை உட்கார்ந்திருந்தாள். இறங்கி வந்து, அக்காவிடம் பேசாமல் ஓட்டுநரிடம் பேசினாள்.

"ஒவ்வொரு பெட்டியா இறக்குங்க தம்பி. இறக்கினதும் அவங்ககிட்டக் காட்டி, இது யாருதுன்னு கேளுங்க."

"வீடு மாத்தறேன்னுதானேம்மா சொன்னீங்க? போலீஸ் விசாரணை மாதிரி இருக்கே."

"கேளுங்க."

அவர் முதல் பெட்டியை இறக்கி அக்காவின் காலடியில் வைத்தார். "இது யாருதும்மா?"

அக்கா எழுந்து நின்றாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "என் தங்கச்சியோடது."

இரண்டாவது, சமையல் பாத்திரம். "என் தங்கச்சியோடது." மூன்றாவது, தையல் சாமான். நான்காவதில் ஓட்டுநருக்குச் சிரிப்பு வந்தது, "பெரியம்மா, எல்லாமே அவங்களோடதுதானே, மொத்தமாச் சொல்லிடுங்களேன்" என்றார். "சொல்ல விடுப்பா" என்றாள் அக்கா. அதற்கப்புறம் அவர் சிரிக்கவில்லை. பதினொரு பெட்டி. எட்டாவதில் அக்காவின் குரல் உடைந்தது. நிறுத்தவில்லை. பதினொன்றாவதைச் சொன்னபோது உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"கேட்கலை" என்றாள் தங்கை.

"என் தங்கச்சியோடது" என்றாள் அக்கா.

தங்கை அந்தப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு, அக்காவைத் தாண்டிப் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அக்கா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்கவில்லை.

மன்னித்தாளா என்று என்னைக் கேட்காதீர்கள். அது எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் உங்களுக்காக வேண்டிக்கொள்கிறேன், என் செல்வங்களே. உங்கள் வீட்டில் தொலைந்தது எதுவானாலும் தேடிக்கொண்டு உங்கள் வாசலுக்கே வரட்டும். அது வரும்போது, "எங்களுடையதுதான், உள்ளே கொண்டு வாங்க" என்று சொல்ல ஒரு வாய் எப்போதும் அந்த வாசலில் இருக்கட்டும். நீங்களும் உங்களைச் சேர்ந்தவர்களும் நன்றாக இருங்கள்.