சத்தம் எடுக்கப் போனவர்

சங்கையாவின் யெஸ்டி மோட்டார் சைக்கிள் ஓர் ஊருக்குப் போவதாக இருந்தால், அதன் சத்தம் முந்தின நாளே அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். வேப்பங்கரைப்பட்டியில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அருப்புக்கோட்டை பஸ் நினைத்த நேரத்துக்கு வருகிற ஊரில், ஒரு வண்டியின் சத்தம் ஒரு நாள் முந்தி வருவதில் குறைசொல்ல என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தார்கள்.

வாங்கின காலத்தில் அந்த வண்டி மற்ற வண்டிகளைப் போலத்தான் ஓடியது. மகள் கனகலட்சுமி பிறந்த வருஷம், பருத்தி நன்றாக வெடித்த தைரியத்தில், அருப்புக்கோட்டை நூல் வியாபாரி ஒருவரிடமிருந்து அதைச் சங்கையா வாங்கினார். இரண்டு சைலன்சர்கள், கறுப்பு டேங்க், உதைக்கிற கம்பியையே மடக்கிவிட்டால் கியர். பெட்ரோலில் ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும். அந்தக் கலவையை மனைவி தங்கலட்சுமியைக்கூட அவர் தொடவிட்டதில்லை. சைலன்சரைக் கழற்றிக் கரி எடுக்கிற நாளில் வீட்டில் சாமி கும்பிடுகிற மாதிரி ஒரு அமைதி இருக்கும். கொரோனா சமயத்தில் ஓடாமல் கிடந்ததில் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் கொஞ்ச காலம் மாட்டுத் தொழுவில் சாக்கு போர்த்திக் கிடந்தது.

கடைசியில் அருப்புக்கோட்டை மெக்கானிக் சோலையிடம் ரீபோர் செய்யக் கொடுத்தார். சோலை இஞ்சினை அக்கு அக்காகப் பிரித்து மண்ணெண்ணெய்த் தட்டில் ஊறப்போட்டிருந்த ஒரு முற்பகலில், இஞ்சின் இல்லாத வெறும் கூட்டிலிருந்து முழுச் சத்தமும் கிளம்பியது. பக்கத்து டீக்கடைக்காரர் வந்து, ஏவாரம் பார்க்க முடியவில்லை, கொஞ்சம் அணைத்து வைக்கக் கூடாதா என்று கேட்டார். அணைப்பதற்கு எதுவும் இல்லை என்று சோலை தட்டைக் காட்டினார். மறுநாள் எல்லாவற்றையும் பூட்டி முடித்து, சங்கையா வந்து உதைத்தார். புகை வந்தது, சக்கரம் சுழன்றது, சத்தம் மட்டும் இல்லை. சோலை காதைச் சைலன்சரில் வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சத்தம் நேத்தே ஓடி முடிஞ்சிருச்சுண்ணே. மத்தபடி வண்டி சுத்தம்."

அதற்குப் பிறகு அப்படியே நிலைத்துவிட்டது. ஒரு நாள் காலையில் வாசலிலிருந்து சத்தம் மட்டும் கிளம்பி, தெருவைத் தாண்டி, காரியாபட்டிப் பக்கமோ அருப்புக்கோட்டைப் பக்கமோ போகும். மறுநாள் அதே நேரத்தில் சங்கையா சத்தமில்லாமல் அதே வழியில் போவார். வெள்ளைப் புகைக்கு முன்னால் ஒரு மனிதர் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்து ஆடுகள் ஒதுங்காததால், ஹேண்டில்பாரில் ஒரு சைக்கிள் மணியைக் கட்டிக்கொண்டார். போகிற இடத்தில் ஆட்கள் அவருக்காகக் காத்திருந்தார்கள். உரக்கடையில் மூட்டையை வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். அவரைப் பார்க்க விரும்பாதவர்கள் வெளியூர் போயிருந்தார்கள். அவருக்கு இருந்த ஒரே வருத்தம், திடீரென்று எங்கேயும் கிளம்ப முடியவில்லை என்பது. நாளைக்கு எங்கே போகிறோம் என்பதை ஊர்க்காரர்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இருந்தாலும் சத்தம் போன இடத்துக்குப் போகாமல் இருந்ததில்லை. போக வேண்டிய காரணம் ஒன்று எப்படியும் அன்றிரவுக்குள் கிடைத்துவிடும்.

ஒரு மாசி மாதம், மிளகாய்ப் பழம் எடுத்துக்கொண்டிருந்த சமயம், சத்தம் வாசலிலிருந்து கிளம்பிக் கிழக்கே திரும்பியது. புஞ்சையில் பழம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் இடுப்பை நிமிர்த்திக் கேட்டார்கள். அது திருச்சுழிக்குள் நுழைந்து, கடைத்தெருவைத் தாண்டி, ஒரு சந்தில் திரும்பி, நீலக் கேட் போட்ட வீட்டின் முன்னால் போய் நின்றது. மத்தியானத்துக்குள் செய்தி போனில் வேப்பங்கரைப்பட்டிக்குத் திரும்பி வந்துவிட்டது. அந்த நீலக் கேட் கனகலட்சுமியின் வீடு.

கனகலட்சுமி ரத்தினத்தைக் கல்யாணம் செய்துகொண்டு சில வருஷங்கள் ஆகியிருந்தன. ரத்தினம் சோலார் கம்பெனியில் டெக்னீசியன், தன்மையான ஆள். ஆனால் அவன் தாத்தா, சங்கையாவின் தகப்பனாருடைய புஞ்சையில் ஏர் பிடித்தவர். அவன் தாயார் சந்தனம் சங்கையாவின் வாசலில் நின்று கூலி வாங்கியவள். கல்யாணச் செய்தி வந்த அன்றோடு வீட்டில் மகளின் பெயரைச் சொல்வது நின்றுபோனது. பங்காளிகளில் மூத்தவரான நவநீதகிருஷ்ணன், அந்தப் படியை மிதிக்கிறவன் குலதெய்வம் கோயில் படியை மிதிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சங்கையாவும் சரி என்று சொல்லியிருந்தார். பேத்தி பிறந்ததை யாரோ டீக்கடையில் பேசிக்கொண்டதில்தான் தெரிந்துகொண்டார்.

அன்று சாயங்காலம் நவநீதகிருஷ்ணன் வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஏலே சங்கையா, நாளைக்கு எங்க போற?"

"எங்கயும் போகலண்ணே."

"சத்தம் போயிருச்சே?"

"சத்தம் போனா நானும் போகணுமா?"

"போகப்பிடாது. போனா இந்த வருசம் குலசாமி களரிக்கு உன் வீட்டுப் பொங்கப்பானை ஏறாது. சொல்லிட்டேன்."

அவர் போன பிறகு உள்ளே தங்கலட்சுமி அதிரசத்துக்கு அரிசி ஊறப்போட்டிருப்பதைச் சங்கையா பார்த்தார்.

மறுநாள் காலையில் பிளக்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மிளகாய்க் காட்டுக்குப் போய்விட்டார். அன்று முழுக்க, தனக்காக எங்கேயோ ஒருத்தர் எழுந்து நின்றபடி இருப்பது போல ஒரு உறுத்தல் இருந்தது. பொழுது சாய வந்து பிளக்கை மாட்டி உதைத்துப் பார்த்தார். வண்டி கிளம்பவில்லை. சட்டை நனைகிற வரைக்கும் உதைத்தார். புகைகூட வரவில்லை.

திருச்சுழியில் சத்தம் நின்ற இடத்திலேயே நின்றது. அணைக்க ஆள் வராததால் அது அணையவும் இல்லை. அந்தச் சத்தம் வந்த நிமிஷமே கனகலட்சுமிக்குத் தெரிந்துவிட்டது. சின்னதில் அந்த டேங்க்கின் மேல் உட்கார்ந்துதான் அவள் பள்ளிக்கூடம் போனாள். மறுநாள் வாசல் தெளித்து, கேட்டைத் திறந்து வைத்து, அப்பா குடிக்கிற மாதிரி டிக்காஷன் தூக்கலாகக் காப்பி போட்டாள். காப்பி ஆறியது. சாயங்காலம் கேட்டைச் சாத்தினாள். சத்தம் மட்டும் கேட்டுக்கு வெளியே டுபுடுபு என்று ஓடிக்கொண்டிருந்தது. அடுத்தடுத்த நாட்களிலும் ஓடியது. பால்காரர் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகப் பழகினார். ரத்தினம் தன் ஸ்கூட்டரைத் தள்ளி நிறுத்தி அதற்கு இடம் விட்டான். அக்கம்பக்கத்தில் முணுமுணுத்தவர்களிடம் சந்தனம்தான் பேசினாள்.

"அவுக வாசல்ல நாங்க எம்புட்டோ நாள் நின்னிருக்கோம். இப்ப அவுக சத்தம் எங்க வாசல்ல நிக்கிது. நின்னுட்டுப் போகட்டும், ஒண்ணும் சொல்லாதீக."

இதில் ஒரு நன்மையும் இருந்தது. பிறந்ததிலிருந்து தூங்காமல் பாடாய்ப் படுத்தின குழந்தை, அந்தச் சத்தம் வந்ததிலிருந்து தொட்டிலில் போட்டதும் தூங்கியது.

சங்கையா சோலையை ஊருக்கே வரவழைத்தார். சோலை பாயிண்ட்டைப் பார்த்தார், கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தார், சிலிண்டரில் விரல் வைத்து அழுத்தம் பார்த்தார். எதிலும் குற்றமில்லை.

"சத்தத்துக்குப் பின்னாலதாண்ணே இந்த வண்டி ஓடுது. அது அங்க நின்னுருச்சு, இது இங்க நின்னுருச்சு. நம்ம போய் எடுத்தாத்தான் உண்டு."

பங்காளிகள் கோயில் மரத்தடியில் கூடினார்கள். சத்தம் சங்கையாவின் சொத்தா இல்லையா என்பதில் தொடங்கி வெகுநேரம் பேசினார்கள். காளை கயிற்றை அத்துக்கொண்டு போய் அடுத்தவன் காட்டில் நின்றால், அவன் எப்பேர்ப்பட்டவனாக இருந்தாலும் உள்ளே போய்ப் பிடித்து வருவதில்லையா என்று ஒருவர் கேட்டார். அது நியாயமாகப் பட்டது. சொத்தை எடுக்கப் போவது விருந்தாடிப் போவதாகாது, ஆனால் அங்கே கை நனைக்கக் கூடாது, பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று முடிவானது. லோடு ஆட்டோவில் ஏற்றினால் சீர் கொண்டு போகிற மாதிரி தெரியும், தள்ளிக்கொண்டு போனால்தான் ரிப்பேர் மாதிரி தெரியும் என்று நவநீதகிருஷ்ணனே யோசனையும் சொன்னார்.

மறுநாள் விடிந்ததும் சங்கையா வண்டியைத் தள்ளிக்கொண்டு புறப்பட்டார். தங்கலட்சுமி பின்னால் ஒரு தூக்குவாளியைக் கட்டினாள்.

"வழியில பசிச்சா சாப்பிடுங்க."

வாளி நிறைய அதிரசம் இருந்தது. ஓர் ஆளுக்கு அது ஒரு வாரத்துக்குக் காணும்.

யெஸ்டி ஓடும்போது பூப்போல இருக்கும். தள்ளினால்தான் அது இரும்பு என்று தெரியும். சீமைக்கருவேல மரங்களைத் தவிர ரோட்டில் நிழல் இல்லை. பஸ்ஸில் போனவர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். எதிரே வந்தவர்கள் எங்கே என்று கேட்டார்கள். திருச்சுழியில் வண்டிச் சத்தம் நிற்கிறது, எடுக்கப் போகிறேன் என்றார். சரிதான் என்று வழிவிட்டார்கள். ஒரு மேட்டில் மூச்சு முட்டி நின்றபோது, இவ்வளவு தூரத்துக்கு ஒரு பொருளை எடுக்கத்தான் போகிறோமா என்று அவருக்கே ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்பை அங்கேயே விட்டுவிட்டு மேட்டில் ஏறினார்.

உச்சிவெயிலில் சந்துக்குள் திரும்பியபோது அவருடைய சத்தம் அவருக்குக் கேட்டது. கேட்டின் முன்னால் போய், சத்தம் இருந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, முன்னே கொஞ்சம் பின்னே கொஞ்சம் நகர்த்திப் பொருத்திவிட்டு உதைத்தார். முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. புகை வந்தது. அந்தத் திருப்தியில், கை பழக்கத்தில், சாவியைத் திருப்பி அணைத்துவிட்டார். பல நாட்களுக்குப் பிறகு அந்தச் சந்து அமைதியானது. உடனே உள்ளே குழந்தை வீரிட்டு அழுதது.

கனகலட்சுமி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். சங்கையா ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சத்தத்த எடுக்கத்தான் வந்தேன்."

"எடுத்துக்கிடுங்கப்பா."

குழந்தை அழுகையை நிறுத்தவில்லை. அவர் மறுபடி உதைத்தார். குழந்தை நிறுத்தியது. அணைத்தார். அழுதது. மறுபடி உதைத்தார்.

"இது இல்லாட்டி தூங்க மாட்டேங்கிறாப்பா," என்றாள் கனகலட்சுமி. "பழகிருச்சு."

சந்தனம் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நேருக்கு நேர் நீட்டினாள். முன்பெல்லாம் அவரை அவள் அய்யா என்பாள். இப்போது என்ன சொல்வதென்று தெரியாததால் எதுவும் சொல்லி அழைக்கவில்லை.

"வெயில்ல வந்திருக்கீக. குடிங்க."

சங்கையா செம்பைப் பார்த்தார். காளையைப் பிடிக்கப் போன இடத்தில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சொன்னவர்கள் யாரும் காளையை இவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு போனதில்லை. வாங்கி அண்ணாந்து குடித்தார். போர்த் தண்ணீர், உப்புக் கரித்தது. செம்பைத் திருப்பிக் கொடுத்து இன்னும் கொஞ்சம் கேட்டார். பிறகு தூக்குவாளியை அவிழ்த்து மகளிடம் கொடுத்தார்.

"உங்கம்மா வழியில சாப்பிடச் சொன்னா. பசிக்கல."

கனகலட்சுமி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடினாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, குழந்தையை அவரிடம் நீட்டினாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு ரத்தினம் வந்தபோது, அவன் மாமனார் ஓடுகிற வண்டியின் டேங்க்கில் பேத்தியை உட்காரவைத்து, இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றிருந்தார். குழந்தை தூங்கிப்போயிருந்தது. ரத்தினம், "வாங்க" என்றான்.

"வண்டிய நிழல்ல விடணும்ப்பா," என்றார் சங்கையா. ரத்தினம் கேட்டை அகலத் திறந்தான்.

பொழுது இறங்க அவர் ஊர் திரும்பியபோது, வண்டியும் சத்தமும் சேர்ந்து வருவதை ஊர் பார்த்தது. நவநீதகிருஷ்ணன் டீக்கடையிலிருந்து இறங்கி வந்தார்.

"கை நனைச்சியா?"

"வேர்த்துச்சுண்ணே. நனைஞ்சிருச்சு."

நவநீதகிருஷ்ணன் அதைக் கொஞ்ச நேரம் யோசித்தார். வேர்வையைப் பற்றிக் கூட்டத்தில் எதுவும் பேசவில்லை. அதனால் விட்டுவிட்டார். களரியில் சங்கையா வீட்டுப் பொங்கல்பானை வழக்கம்போல ஏறியது.

அடுத்த வாரம் வண்டி மறுபடி கிளம்பவில்லை. கனகலட்சுமி போன் செய்தாள். சத்தம் வந்து கேட்டில் நிற்கிறது என்றாள். அவள் இவ்வளவு வருஷத்தில் அந்த வீட்டுக்குச் செய்த முதல் போன் அது. தங்கலட்சுமி எடுத்து, சரி சரி என்று மட்டும் சொல்லி வைத்தாள். சங்கையா தள்ளிக்கொண்டு போய் எடுத்து வந்தார். அதற்கடுத்த வாரமும் போனார். வெள்ளாமை நாளிலும் மழை நாளிலும் சத்தம் போய்க்கொண்டே இருந்தது, அவரும் எடுத்துக்கொண்டே இருந்தார். பழைய வண்டிகள் சேர்க்கிற ஒருவர் மதுரையிலிருந்து வந்து, கேட்ட விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்றபோது, சத்தம் வெளியூரில் இருக்கிறது, வந்ததும் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார்.

பிறகு ஒரு நாள் காலையில் சங்கையா வண்டியைத் தள்ளக் கிளம்பியபோது, தங்கலட்சுமி நல்ல சேலை உடுத்தி, தலை சீவி, வண்டியின் பின்பக்கம் வந்து நின்றாள். டீக்கடையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். நவநீதகிருஷ்ணன்தான் கேட்டார்.

"நீ எங்கம்மா கெளம்பிட்ட?"

"சத்தம் ரெம்ப கனமா இருக்காம். ஒத்த ஆளாத் தூக்க முடியலையாம். ஒரு கை பிடிச்சிட்டு வாரேன்."

நவநீதகிருஷ்ணன் கிளாஸைக் கீழே வைத்தார். பழைய வண்டிச் சத்தம் கனமாகத்தான் இருக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து வந்து, வண்டி மேட்டில் ஏறுகிற வரைக்கும் பின்னாலிருந்து தள்ளிவிட்டார்.