தேய்ந்த பற்கள்

எலும்பைச் சுத்தம் செய்வதில் அந்த அருங்காட்சியகத்தில் அவளை அடிக்க ஆள் கிடையாது. ஒரே குறை, கை சும்மா இருக்காது. எங்கே உடைசலைக் கண்டாலும் பூச்சு வைத்து அடைத்துவிடுவாள். போன வருடம் இரண்டு முறை அப்படிச் செய்து ஆய்வாளரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். இன்னொரு முறை நடந்தால் டிக்கெட் கிழிக்கப் போக வேண்டியதுதான் என்று சொல்லி வைத்திருந்தார். சொன்னதைச் செய்கிற மனிதர்.

இப்போது மேஜைமேல் இருந்தது மையசோரா என்ற டைனோசரின் கூடு. இலைதழை தின்கிற ஜாதி, பிள்ளை வளர்ப்பில் பேர் வாங்கியது. கூட்டுக்குள் பதினொரு குஞ்சுகள் கல்லாகிக் கிடந்தன. இவளும் பிரசவ விடுப்பு முடிந்து வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பிள்ளையைவிட எலும்பு பெரிதாகப் போய்விட்டதா என்று நாத்தனார் கேட்டது இன்னும் உறுத்தியது.

செவ்வாய்க்கிழமை ஆய்வாளர் லென்ஸ் வைத்துக் குஞ்சுகளின் பற்களைப் பார்த்தார். எல்லாம் முழுசாக, கூராக இருந்தன. அவர் முகம் தொங்கிப்போனது. கால் மூட்டு இறுகாத குஞ்சுகள், தாமாக மேயப் போயிருக்க முடியாது. பல் தேய்ந்திருந்தால் தாய் கொண்டுவந்து போட்டதைத் தின்றன என்று அர்த்தம். தேயவில்லை என்றால் பொரிந்த சூட்டோடு செத்திருக்கின்றன. காட்சிக்கூடத்தில் மாட்டியிருந்த 'தாய் ஊட்டினாள்' என்ற பலகையைக் கழற்றிவிட வேண்டியதுதான் என்றார்.

அந்தப் பல் நுனிகளை உடைசல் என்று நினைத்துப் பூச்சு வைத்து நிரப்பியதே அவள்தான். வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. பலகையைக் கழற்ற ஆளைக் கூப்பிட அவர் போனை எடுத்தார்.

"சார், அது நான் பூசினது. உள்ள பல்லு தேஞ்சுதான் இருக்கு."

பஞ்சை அசிட்டோனில் நனைத்து அவர் கண்ணெதிரிலேயே துடைத்தாள். பூச்சு கரைந்து, சாய்வாகத் தேய்ந்த பல் வெளியே வந்தது. ஒன்றல்ல, துடைத்த பல்லெல்லாம் அப்படித்தான்.

ஆய்வாளர் போனைக் கீழே வைத்துவிட்டு மறுபடி லென்ஸை எடுத்துப் பார்த்தார். திங்கட்கிழமையிலிருந்து டிக்கெட் கவுண்டருக்குப் போகச் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

"சொல்லாம இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே. ஏன் சொன்னீங்க?"

"பல்லு தேயற அளவுக்கு ஊட்டியிருக்கா சார். ஊட்டலன்னு எப்படி எழுத விடுறது?"