எண்ணெய் போட்ட ஸ்பிரிங்

தையல் மிஷின் ரிப்பேர்காரருக்கு அக்கம்பக்கத்தில் வைத்த பேர் எண்ணெய்க்குப்பி. எதைத் தொட்டாலும் இரண்டு சொட்டு விடாவிட்டால் மனுஷருக்குத் தூக்கம் வராது. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், அந்தப் பத்து விரலில்தான் குடும்பம் ஓடியது.

அவர் வீட்டில் ஒரு பழைய கார். காரின் முன்பக்கத்தை அமுக்கிவிட்டால் ஒரு தடவை எழும்பி நிற்க வேண்டும். இது நாலு தடவை ஆடியது.

"ஷாக் அப்சார்பர் போச்சு. நானே மாத்திடுவேன்" என்றார்.

"என் தம்பி பஸ் டெப்போவுல தினம் இதைத்தானே செய்யறான்? வரச் சொல்லட்டா?" என்றாள் மனைவி.

"அவன் வந்தா வேலை ஒரு மணி நேரம், அளப்பு மூணு மணி நேரம். நீ சும்மா இரும்மா."

சக்கரத்தைக் கழற்றி, ஷாக்கையும் அதைச் சுற்றியிருந்த ஸ்பிரிங்கையும் சேர்த்தே வெளியே எடுத்தார். இரண்டு கொக்கிக் கிளாம்பை எதிரெதிரே மாட்டி முறுக்க, அவ்வளவு தடித்த ஸ்பிரிங் பாதியாய்ச் சுருங்கியது. மேல் நட்டைக் கழற்றிப் பழைய ஷாக்கை உருவிப் போட்டார். இனி ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது அந்த இரண்டு கிளாம்ப்தான்.

டிக்.

ஷெட் வாசலில் நின்றவள் எட்டிப் பார்த்தாள். எதிரெதிரே இருந்த கொக்கிகள் ஸ்பிரிங்கின் மேல் வழுக்கி ஒன்றையொன்று நெருங்கியிருந்தன.

"என்னங்க, இதுக்குமா எண்ணெய் போட்டீங்க?"

"துரு பிடிக்கக் கூடாதேன்னு... லேசாத்தான்."

அட, பாவி மனுஷா! உடனே தம்பிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, மாமாவை வெளிய இழுத்துட்டு வா. கொக்கி வழுக்குச்சுன்னா ஸ்பிரிங் ஆளையே அடிச்சுடும். யாரும் கிட்டப் போகாதீங்க. அரை மணியில வந்துடறேன்."

நல்ல பிள்ளையாக வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். உள்ளே இன்னொரு டிக். அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"எண்ணெயை மட்டும் பார்த்தான்னா அவ்வளவுதான். நம்ம வீட்டு விசேஷம் ஒண்ணுவிடாம இதைச் சொல்லியே மானத்தை வாங்குவான்."

"வாங்கிட்டுப் போகட்டும்! உங்க கையைவிடவா அது பெருசு?"

"சரி, சரி. குடிக்கத் தண்ணி கொண்டா."

உள்ளே போய்ச் செம்பை நிறைத்துக்கொண்டு வந்தாள். படியில் ஆளைக் காணோம். ஷெட் கதவு திறந்திருந்தது.

ஒருக்களித்துக் குந்தியபடி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, பழந்துணியால் ஸ்பிரிங்கின் எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தார். கத்தினால் கை அசைந்துவிடுமே என்று அவள் மூச்சைக்கூட விடவில்லை. அய்யோ, வந்துடுங்களேன், வந்துடுங்களேன் என்று மனசுக்குள் அடித்துக்கொண்டாள்.

ஒரே அடி. தகரக்கூரை அதிர்ந்தது. ஸ்பிரிங் சுவரில் மோதி மூலையில் போய் விழுந்தது.

அவர் அப்படியே குந்தியிருந்தார். கண்களை இறுக மூடி, வலது கையை மட்டும் அவள் பக்கம் நீட்டினார்.

"நீ பாரேன். எனக்குப் பார்க்கத் தைரியம் இல்ல."

பார்த்தாள். ஒண்ணுமில்லைங்க என்று பொய் சொல்ல வாயைத் திறந்தாள். அதைச் சொல்லாமலே முந்தானையை இழுத்து அந்தக் கையைச் சுற்றினாள்.