உடைத்துத் திறந்த வழி

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘ரப்ச்சர்’ என்று ஒரே ஒரு வார்த்தை. என் வீட்டுக்காரரின் இடது குதிகால் தசைநார் பட்டென்று அறுந்துபோனதற்கு அவ்வளவுதான் எழுதினார்கள். தைத்துப் பத்து வாரம் ஆயிற்று. “தையல் நல்லா பிடிச்சிருக்கு. இனி காலை ஊன்றணும், இல்லேன்னா வலு வராது” என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர் ஊன்றினால்தானே. இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர். கிளட்ச் இடது காலில்தான். மாதக் கடைசிக்குள் டிப்போவில் நடந்து காட்டாவிட்டால் வண்டியைப் பிடுங்கிக்கொண்டு டிப்போ ஆபீஸ் நாற்காலியில் உட்காரவைத்துவிடுவார்கள்.

“மறுபடி அறுந்துடும். அந்தச் சத்தத்தை நீ கேட்கல” என்பார். கெஞ்சினேன், கத்தினேன், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டும் பார்த்தேன். மனுஷன் அசையவில்லை.

எனக்கு ஆங்கில-தமிழ் அகராதி அலுவலகத்தில் வேலை. ஒருத்தி சொல் எழுதிய அட்டையைக் காற்புள்ளிகூட விடாமல் சத்தமாக வாசிப்பாள். இன்னொருத்தி அச்சுத்தாளில் சரிபார்ப்பாள். அர்த்தத்தைக் காதில் வாங்கக் கூடாது என்பது எங்கள் மேசைச் சட்டம். வாங்கினால் பிழை தப்பிவிடும்.

அன்று என் தோழி வாசித்தாள். “ரப்ச்சர், காற்புள்ளி, உடைதல், காற்புள்ளி, அறுதல், முற்றுப்புள்ளி. மூலம், லத்தீன், ரும்பெரே, உடை.”

என் பென்சில் நின்றுவிட்டது. இந்த ரும்பெரேயை எங்கேயோ பார்த்திருக்கிறேன்.

“என்னடி, உட்கார்ந்தே தூங்கறியா?” என்றாள்.

எழுந்துபோய் முடிந்த அட்டைகளைக் கிளறினேன். கிடைத்தது. ‘ரூட்’. பஸ் ரூட் என்கிறோமே, அதே ரூட்தான். பதினைந்து நாள் முன்பு நானே கிளிப்பிள்ளை மாதிரி வாசித்துக் கொடுத்தது. மூலம் அதே லத்தீன் வினை. உடைத்துத் திறந்த வழி. அறுந்ததும் வழியும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். எத்தனை நூறு வருஷமாக இதை வாயில் போட்டு மென்றுகொண்டே இருக்கிறோம், ஒருவருக்கும் தெரியாமல்!

வீட்டுக்கு வந்து சொன்னேன். கிண்டலடிப்பார் என்றுதான் நினைத்தேன். தையல் போட்ட காலைத் தடவிக்கொண்டே கேட்டார்.

“என் ரூட்ல ஒரு பாறை வெட்டு இருக்கு. மலையை உடைச்சுப் போட்ட ரோடு. வெடி வைக்கத் துளை போட்ட தடம் இன்னும் அப்படியே இருக்கு. தினம் அதுக்குள்ள பூந்து வந்திருக்கேன், ஒரு நாளும் இறங்கிப் பார்த்ததில்ல” என்றார். பிறகு மெதுவாக, “நாளைக்குக் கூட்டிட்டுப் போறியா?” என்றார்.

மறுநாள் அவருடைய வண்டியிலேயே போனோம், வேறு டிரைவர் ஓட்ட. பாறை வெட்டில் நிறுத்தச் சொல்லி இறங்கினோம். வண்டி எங்களுக்காக ஓரமாக நின்றது. இரண்டாள் உயரத்துக்கு, நெடுகப் பிளந்த குழாய் மாதிரி, தடத்துக்குப் பக்கத்தில் தடம்.

“யார் பெத்த பிள்ளைங்களோ, இதைத் துளைச்சவங்க” என்றார்.

தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார். எட்டவில்லை. நடுவில் இரண்டு முழம் அகலத்துக்குச் சாக்கடை. வலது காலை அந்தப் பக்கம் வைக்க வேண்டுமானால் இடது காலில் நின்றாக வேண்டும். அவர் ஊன்றுகோலை என்னிடம் கொடுத்தார்.

“ஏங்க, வேணாங்க” என்றேன். ஊன்று ஊன்று என்று இத்தனை நாளும் கத்தியவள் நான்தான்.

அவர் இடது காலில் நின்றார். அந்தச் சத்தம் வருகிறதா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு சத்தமும் வரவில்லை. தாண்டிப் போய்த் தடத்துக்குள் உள்ளங்கையை வைத்து அப்படியே நின்றார்.

“வண்டியைப் போகச் சொல்லு” என்றார், திரும்பாமலே. “வளைவுக்கு அந்தப் பக்கம்தான் ஸ்டாப். நடந்து வர்றேன்.”