தொண்ணூற்றேழு சதவீதப் பொருத்தம்

ஆசிரியைக்கு யாரையும் லேசில் நம்பிவிடும் பழக்கம் கிடையாது. கடைக்காரர் எடை போட்டால் காய்கறியைப் பார்க்க மாட்டாள், தராசைத்தான் பார்ப்பாள். கணவர் தலைவலி என்று படுத்தால் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மாத்திரையை எடுப்பாள். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு இணையத்தில் பணியிடப் பாதுகாப்பு கற்பிக்கப் போனபோது இந்தக் குணத்துக்கு மரியாதையும் கிடைத்தது. நான்கு வருடத்தில் அவள் மூன்று பேரைச் சந்தேகப்பட்டாள். மூன்று பேருமே காப்பியடித்தவர்கள் என்று திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் சொல்லிவிட்டது. "உங்க மூக்குக்கு யாரும் தப்ப முடியாது" என்று துறைத்தலைவர் கூட்டத்திலேயே சொன்னார். அவள் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டாலும் அன்று முழுக்கத் தலைகால் புரியவில்லை.

நான்காவதாக மாட்டியவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். வயது நாற்பத்தாறு, இரண்டு முட்டியும் போய்விட்டது. இந்தப் படிப்பின் சான்றிதழ் கிடைத்தால் மேற்பார்வையாளராக உட்கார்ந்து வேலை பார்க்கலாம். கிடைக்காவிட்டால் லிஃப்ட் குழிக்குள் ஏறி இறங்கியே காலம் தள்ள வேண்டும்.

இறுதிக் கட்டுரையின் வரைவை அவர் அனுப்பியபோதே அவளுக்கு மூக்கில் வியர்த்தது. வகுப்பில் வாயே திறக்காத மனிதர். மின்னஞ்சலில் இரண்டு வரி எழுதினால் மூன்று பிழை. அப்படிப்பட்டவர், இருட்டுக் குழிக்குள் கம்பியைப் பிடித்தபடி மேலே யாரோ பட்டனை அழுத்திவிடுவார்களோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதை இப்படியா எழுதுவார்?

இப்படி நெருடினால் அவள் ஒரு காரியம் செய்வாள். 'பரிசோதனை' என்று தன் பெயரில் ஒரு வகுப்பை மென்பொருளில் திறந்து வைத்திருந்தாள். ஆளில்லாத வகுப்பு. சந்தேகம் தட்டிய வரைவை மட்டும் அதில் ஏற்றி, யாருக்கும் சொல்லாமல் ஓட்டிப் பார்ப்பாள். மெக்கானிக்கின் வரைவில் மூன்று சதவீதப் பொருத்தம்தான் வந்தது. அவளுக்குச் சப்பென்று போய்விட்டது.

இரண்டு வாரம் கழித்து இறுதிக் கட்டுரை வந்தது. திரை முழுக்கச் சிவப்பு. தொண்ணூற்றேழு சதவீதம். எங்கிருந்து எடுத்தது என்ற இடத்தில், 'இதே நிறுவனம், வேறொரு வகுப்பு, மாணவர் கட்டுரை' என்று மட்டும் இருந்தது.

"பாத்தீங்களா? கூலிக்கு எழுதறவன் ஒரே சரக்கை ரெண்டு பேர் தலையில கட்டியிருக்கான்" என்றாள் கணவரிடம்.

அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். "நான் நறுக்கறதையும் அதுல போட்டுப் பாரேன். எங்கம்மாகிட்டேருந்து காப்பியடிச்சதுன்னு காட்டும்."

அவள் சிரிக்கவில்லை. மதியம் மெக்கானிக்கை வீடியோவில் கூப்பிட்டாள். நீலச் சட்டையோடு ஏதோ கட்டடத்தின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்.

"இது உங்க சொந்தக் கட்டுரைதானா?"

"ஆமா மேடம்."

"வேற ஒருத்தர் கட்டுரையோட அப்படியே ஒத்துப்போகுதே."

அவர் குரலை உயர்த்தாமல் கேட்டார். "என் முட்டி வலியை எனக்கு முன்னாடி யாரு மேடம் எழுதியிருப்பாங்க?"

நல்ல நடிகர் என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் அந்தக் கேள்வி செருப்புக்குள் போன கல் மாதிரி உறுத்தியது. காப்பியடித்தவர்களை விசாரிக்கும் குழுவுக்கு அனுப்ப வேண்டிய படிவத்தைத் திறந்தாள். முன்பெல்லாம் சதவீதம் போதும். இந்த வருடம் மூலக் கட்டுரையையும் இணைக்கச் சொல்லியிருந்தார்கள். இணைத்துவிட்டால் போயிற்று. அந்தக் கட்டுரையை வைத்திருக்கும் ஆசிரியரிடம் அனுமதி கேட்கும் பொத்தானை அழுத்தினாள்.

அரை நிமிடத்தில் அவளுக்கே ஒரு மின்னஞ்சல் வந்தது. 'உங்கள் வகுப்பில் உள்ள கட்டுரையைப் பார்க்க ஒரு ஆசிரியர் அனுமதி கேட்கிறார். அனுமதிக்கிறீர்களா?' வகுப்பின் பெயர்: பரிசோதனை. கேட்பவர் பெயராகவும் அவள் பெயரே இருந்தது.

பரிசோதனை வகுப்பைத் திறந்து, கட்டுரை ஏற்றும் பக்கத்தின் அடிவரைக்கும் போனாள். 'ஒப்பிடுவதற்காகச் சேமிப்பில் வைக்கவும்' என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக் போட்டிருந்தது. நான்கு வருடமாக அவள் அதைப் பார்த்ததே இல்லை. அவள் ஏற்றிய வரைவே சேமிப்பில் உட்கார்ந்துகொண்டு, அதை எழுதியவரின் இறுதிக் கட்டுரையைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. பக்கத்தில் மொத்தம் நான்கு வரைவுகள். மெக்கானிக்குடையது, அதற்கு முன் அந்த மூன்று பேருடையது. சந்தேகப்படாதவர்களின் வரைவை அவள் ஏற்றியதே இல்லை. அதனால் அவர்கள் மாட்டியதும் இல்லை. இத்தனை வருடம் மெச்சிக்கொண்ட மூக்கை நினைக்க அவளுக்கு அவமானமாக இருந்தது.

படிவத்தை அழித்தாள். மெக்கானிக்குக்கு மதிப்பெண்ணும், தவறு தன்னுடையது என்று ஒரு வரியும் அனுப்பினாள். துறைத்தலைவருக்கு எழுத உட்கார்ந்தவள் முதல் வரியிலேயே நிறுத்திவிட்டாள். பழைய கடிதம் ஒன்றைத் தேடி எடுத்தாள். அந்த மூன்று பேரில் ஒருத்தி, இரண்டு வருடத்துக்கு முன் படிப்பிலிருந்து நீக்கப்பட்ட மருந்துக்கடைப் பெண் எழுதியது. 'அது யாரோட கட்டுரைன்னு மட்டும் சொல்லுங்க மேடம். நானும் படிச்சுப் பாக்கறேன்.' அன்று அதைக் கணவரிடம் வாசித்துக் காட்டி, "நெஞ்சழுத்தத்தைப் பாருங்க" என்று சிரித்திருந்தாள். பதில் போடவில்லை.

கடிதத்தின் அடியில் இருந்த எண்ணுக்கு அழைத்தாள். நாலைந்து மணி அடித்த பிறகு எடுத்தாள் அந்தப் பெண். பின்னால் யாரோ இருமல் மருந்து கேட்கும் சத்தம். ஆசிரியை தான் யார் என்று சொன்னாள்.

இருமல் மருந்துக்குச் சில்லறை எண்ணிக் கொடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண்ணின் குரல் வந்தது.

"இப்பவாவது தெரிஞ்சுதா மேடம்? அது யாரோட கட்டுரை?"

"உன்னோடதுதாம்மா" என்றாள் ஆசிரியை.