நீலச்சட்டை

கிழக்கு வெளுக்கும்போதே தார் லாரி வந்துவிடும். அதற்குள் தரையில் தூசி இருக்கக்கூடாது. பெண்கள் வரிசையாகக் குனிந்து கம்பித் துடைப்பத்தால் ஜல்லித் தளத்தைத் தேய்த்தார்கள். எழுந்த தூசி மூக்கை அடைத்தது. துப்பினால் எச்சில் கறுப்பாக விழுந்தது. பிறகு லாரி பின்பக்கமாக ஊர்ந்து வந்து கலவையைக் கொட்டும், ஆவி முகத்தில் அறையும். நடுவில் இயந்திரம் விரித்துக்கொண்டு போக, அதற்கு எட்டாத ஓரங்களையும் வளைவுகளையும் ஆட்கள் பலகையால் இழுத்து நிரவ வேண்டும். சூடு ஆறுவதற்குள் முடித்தாக வேண்டும் என்பதால் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொள்ளக்கூட யாருக்கும் நேரமில்லை.

அந்த வரிசையின் முன்னால் நின்றவளை எல்லோரும் அக்கா என்றார்கள். வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான். ஆனால் அவளுடன் பிறந்தவள் ஒருத்திதான். அவள் அந்த நேரத்தில் நீலச்சட்டையும் தொப்பியுமாக அலுவலக வாசலில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருப்பாள்.

முதலில் இங்கே ஒரே ஒரு பந்தயப் பாதைதான் இருந்தது. சிறுவர்கள் குட்டி வண்டி ஓட்டிப் பழகும் சின்னச் சுற்று. அதற்குத் தார் போட்ட கூட்டத்தில் அக்காவும் இருந்தாள். பிறகு பைக்குகளுக்கு ஒன்று வந்தது. மண்மேடுகளில் தாவிக் குதிப்பதற்கு ஒன்று. அப்புறம் கார்களுக்கென்று, பார்வையாளர் மாடத்தோடு பெரிய பாதை. இப்போது அதோடு வந்து சேரும்படி ஐந்தாவதைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதைகள் பெருகப் பெருக முதலாளியின் வீட்டில் கார்கள் பெருகின. கூலி மட்டும் இளைத்துக்கொண்டே வந்தது.

"வருஷம் பூரா ஒரே எடத்துல வேலை குடுக்கறேன் இல்ல? கொஞ்சம் கொறைச்சு வாங்கினா என்ன?" என்பார் கான்ட்ராக்டர்.

அக்காவை அரித்தது கூலி மட்டுமல்ல.

தங்கையைப் படிக்க வைத்தது அக்காவின் உழைப்பு. பெரிய பாதை திறந்தபோது, வளைவுகளில் நின்று கொடி காட்ட நிரந்தர ஆட்களை எடுத்தார்கள். அக்காவும் போய் நின்றாள். மேனேஜர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். கோணி சுற்றி, தார் ஒட்டி, நகம் கறுத்த கால்.

"பெரிய மனுஷங்க வந்து போற எடம்மா இது" என்றார். பின்னால் துணைக்கு வந்து நின்ற தங்கையைக் கைகாட்டி, "நீ வா" என்றார்.

அன்றைக்குப் பற்றியது வயிற்றில். தகரக் கொட்டகை வரிசையில் இருவர் வீடும் அடுத்தடுத்து. மாலையில் தங்கை அந்தச் சட்டையைத் தனி வாளியில் அலசி, உதறி, நிழலில் காயப்போடுவதைப் பார்த்தால் அக்காவுக்குச் சோறு இறங்காது. 'என் காலு வெந்துதான் உன் காலு வழவழன்னு இருக்கு' என்று உள்ளுக்குள் கறுவுவாள். ஒருநாள் தங்கை தன் பழைய பூட்ஸைக் கொண்டுவந்து, "தாருல போட்டுக்கக்கா" என்று நீட்டினாள்.

"நீ கழிச்சதைப் போட்டுக்கற அளவுக்கு நான் போயிடலடி" என்று அக்கா அதை வாசலில் விட்டெறிந்தாள்.

வேலைக்கு நடுவிலும் அவள் கண் தானாக வளைவுக்குப் போகும். தங்கை எப்படி நிற்கிறாள், யாரிடம் சிரிக்கிறாள், எந்த நேரத்தில் அசந்துபோகிறாள். ஒரே ஒரு தவறு செய்யமாட்டாளா என்று அந்தக் கண் காத்துக்கிடந்தது.

பலகை இழுப்பவர்களில் நெடுநெடுவென்று வளர்ந்த ஒருவனை ஒட்டகம் என்பார்கள். வாய் ஓயாதவன். "அக்கா, நீ பாக்கற பார்வையில அந்தச் சட்டை சாயம் போயிடும். கொஞ்சம் தாரையும் பாரு" என்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள். அக்கா சிரிக்கமாட்டாள்.

ஐந்தாவது பாதை பெரிய பாதையோடு சேரும் வளைவில் வேலை நடந்த காலை அது. இரண்டையும் இணைக்க வேண்டியிருந்ததால், குறுக்கே அடுக்கியிருந்த டயர்ச் சுவரை எடுத்துவிட்டிருந்தார்கள். அங்கே வேலை முடியும்வரை பெரிய பாதையில் வண்டி ஓடாது என்று கான்ட்ராக்டர் சொல்லியிருந்தார். ஆனால் முதலாளியின் மருமகனுக்குப் புதுக் கார் வந்திருந்தது. ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டான். அவனை யார் தடுப்பது?

சத்தம் கேட்டபோது அக்கா வழக்கம்போல, வளைவில் காவலுக்கு நின்ற தங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை மஞ்சள் கொடியைத் தூக்கினாள். கார் வேகம் குறைக்கவில்லை. அவள் தடுப்புக் கம்பியின்மேல் ஏறி நின்று இரண்டு கையாலும் வீசினாள், தொண்டை கிழியக் கத்தினாள். தொப்பி பறந்து விழுந்தது. கார் அவளைத் தாண்டி வந்து, வளைவில் வழுக்கி, சுவர் இல்லாத இடத்தின் வழியாகப் புதுத் தாருக்குள் பாய்ந்தது. ஒட்டகம் முதுகைக் காட்டிப் பலகை இழுத்துக்கொண்டிருந்தான். திரும்பக்கூட நேரமில்லை.

காருக்கு அடியில் அவன் கால் இருந்தது. கீழே தார் கொதித்தது. எல்லோரும் சேர்ந்து காரைத் தூக்கினார்கள். கை வெந்தது யாருக்கும் தெரியவில்லை. அவன் பிழைத்தான். கால் பிழைக்குமா என்று ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை.

மறுநாள் அக்காவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். குளிரூட்டிய அறை. முதலாளியும் இருந்தார். மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நீதானே வளைவுக்குக் கிட்ட இருந்த? கொடி காட்டறவ அசந்துட்டா. அப்படித்தானே?"

அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"நாளைக்குக் காலைல எல்லாரையும் கூட்டி விசாரிக்கப் போறோம். அவ கொடி காட்டலேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு. போதும்."

"அவ என் தங்கச்சிங்க."

"தெரியும்" என்றார் முதலாளி. "கூடப் பொறந்தவளே சொன்னா எவனும் மறுபேச்சுப் பேசமாட்டான். அவ எடம் காலியாகும். வெளியாள் எதுக்கு? நீயே வந்துடு."

மேசைமேல் மடிப்புக் கலையாத நீலச்சட்டை ஒன்றை மேனேஜர் நகர்த்தினார். அக்கா அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவசரமாகக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"காலைல சொல்றேங்க" என்று எழுந்து வந்துவிட்டாள்.

கொட்டகையில் தங்கை சுவரோரம் குந்தியிருந்தாள். சட்டையைக் கழற்றி வாங்கிவிட்டிருந்தார்கள். அக்காவின் பழைய புடவைகளில் ஒன்றைக் கட்டியிருந்தாள். 'இப்ப எப்படி இருக்கு?' என்று அக்காவின் மனம் ஒரு கணம் துள்ளத்தான் செய்தது. இத்தனை காலம் கேட்ட வரம் கிடைத்ததுபோல் இருந்தது.

"நான் காட்டினேன்க்கா" என்றாள் தங்கை. "ஒருத்தர்கூடவா பாக்கல? அவங்கவங்க வேலைல இருந்திருப்பாங்க. என்னை யாரு பாக்கப் போறா?"

அக்கா தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். படுத்தாள். ஒருத்தர்கூடவா என்ற கேள்வி நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அந்தச் சட்டையைத் தான் போட்டுக்கொண்டால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். சட்டை பொருந்தியது. அதைக் கழற்ற நீளும் மேனேஜரின் கையும் கூடவே தெரிந்தது.

காலையில் வளைவில் எல்லோரும் கூடினார்கள். தார் வேலைக்காரர்கள் ஒரு பக்கம், நீலச்சட்டைக்காரர்கள் ஒரு பக்கம். அப்படித்தான் எப்போதும். நடுவில் முதலாளி நின்றார்.

"சொல்லும்மா. அவ கொடி காட்டினாளா?"

"காட்டினா" என்றாள் அக்கா. "ரெண்டு கையாலயும் காட்டினா. கம்பி மேல ஏறிக் கத்தினா. ஓட்டினவர்தான் நிறுத்தல."

முதலாளியின் முகம் சுருங்கியது. "நீ குனிஞ்சு வேலை பாத்துக்கிட்டிருந்த. உனக்கு எப்படித் தெரியும்? தங்கச்சிப் பாசமா?"

"பாசம் இல்லீங்க, பொறாமை!" அக்காவின் குரல் உடைந்து உயர்ந்தது. "எனக்குக் குடுக்காத சட்டைய அவளுக்குக் குடுத்தீங்க. எப்படா தப்புப் பண்ணுவா, எப்படா உருவுவாங்கன்னு அவளையேதான் பாத்துக்கிட்டிருப்பேன். அன்னிக்கும் பாத்தேன். அவ தப்புப் பண்ணியிருந்தா மொதல்ல நான்தான் ஓடி வந்து சொல்லியிருப்பேன். அவ பண்ணல."

யாரோ சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். நீலச்சட்டைக்காரர்களில் பாதை வாசல் காவல்காரர் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"நானும் பாத்தேங்க. பயந்துக்கிட்டு வாய மூடிட்டேன். பாதையில ஆளுங்க இருக்காங்க, வண்டிய விடாதீங்கன்னு நான் சொன்னதுக்கு, போய்யா ஓரமான்னுட்டாரு உங்க மருமகன்."

"அப்ப எல்லாருமா சேந்துட்டீங்க" என்றார் முதலாளி. "வேலை வேணாம்கறவங்க இப்பவே போகலாம். கூப்பிட்டா ஆயிரம் பேர் வருவான்."

"போகமாட்டோம்" என்றாள் அக்கா. "ஒட்டகத்துக்கு வைத்தியம் பாருங்க. இவளை மறுபடி வேலைல சேருங்க. சுவரை வெச்சப்புறம் வண்டிய விடுங்க. கொறைச்ச கூலியப் பத்தியும் பேசணும். அதுவரைக்கும் இங்கதான் இருப்போம்."

சொல்லிவிட்டு, இரண்டு பாதைகளும் சேரும் இடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். துடைப்பக்காரிகள் உட்கார்ந்தார்கள், பலகைக்காரர்கள் உட்கார்ந்தார்கள். நீலச்சட்டைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தன. காவல்காரர் தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள்.

தங்கை அக்காவை ஒட்டி உட்கார்ந்தாள்.

"அத்தனை பேர் முன்னால அப்படியா சொல்லுவ? மானம் போச்சு" என்றாள் மெதுவாக.

"உள்ளதைத்தானே சொன்னேன். இப்பவும் எரியுதுடி. பேசாம உக்காரு."

தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா உதறவில்லை.

அப்போது தார் லாரி உள்ளே வந்தது. பாதையை மறித்து உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து டிரைவர் பிரேக் போட்டார். மேனேஜர் ஓடிப்போய் லாரிக் கதவைத் தட்டினார்.

"பின்னால எடுத்துக் கொட்டுய்யா! எந்திரிச்சு ஓடிடுவாங்க."

டிரைவர் கண்ணாடியை இறக்கி வெளியே தலையை நீட்டினார். உட்கார்ந்திருந்தவர்களை மெதுவாகப் பார்த்தார்.

"யார் மேலங்க கொட்டறது?" என்று கேட்டார்.

மேனேஜர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு தள்ளிப் போனார். போலீஸ் வரலாம், வேறு ஆட்கள் வரலாம், எதுவும் வரலாம். உட்கார்ந்திருந்தவர்களுக்கும் அது தெரிந்தே இருந்தது. டிரைவர் என்ஜினை அணைத்தார். கீழே இறங்கி, தோளில் கிடந்த துண்டை உதறிக்கொண்டு வந்து வரிசையின் ஓரத்தில் நின்றார்.

"கொஞ்சம் நகருங்கப்பா" என்றார்.

எல்லோரும் நெருக்கி உட்கார்ந்து அவருக்கு இடம் விட்டார்கள்.